ஏழாம் நம்பர் மலைப் புல்லு

மேல் டிவிசன், நீர்க்கல் தோட்டம்,
லிந்துலை.
11.02.2024

அன்பு மகள் ஷெரோமிக்கு அப்பா எழுதுவது.

அந்தோனியார் தயவில் இங்கே இரண்டு பேரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிக்கிறது. வேறு குறை இல்லை. ஜப்பானில் பனி கொட்டுகிறது என்று படம் அனுப்பியிருந்தாய். பிள்ளை காதை மூடாமல் நிற்கிறாள் என்று அம்மா ஒரு நாள் முழுக்க என்னைத் திட்டினாள். காதை மூடு.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நம்ம லயத்தில் சிக்னல் வருவது கொய்யா மரத்தடியில் மட்டும்தான். அங்கே நின்று பேசினால் லயத்து வரிசையில் இருக்கிற எல்லாக் காம்பரா வீட்டுக்கும் ஒலிபரப்பு. அதோடு, நான் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் அம்மா ஃபோனைப் பிடுங்கிவிடுகிறாள். கடிதத்தைப் பிடுங்க முடியாது. எழுதி டவுனுக்குக் கொண்டுபோனால் கொமியுனிகேஷன் கடை கிஷாந்த் ஸ்கேன் பண்ணி உனக்கு அனுப்பிவிடுகிறார். அனுப்பும்போது ஒரு வரி விடாமல் படிக்கிறார். கிஷாந்த், உங்களுக்கும் வணக்கம்.

நீ மனுப் போட்ட விசயத்துக்கு வருகிறேன். "பிராந்திய அறிவியல் ஆய்வுத் திறனைக் கட்டியெழுப்பும் அரச மானியத் திட்டம்." இதை வாய்விட்டு வாசிக்க நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பக்கத்துக் காம்பரா செபமாலை என்ன ஏது என்று கேட்டான். ஆராய்ச்சி எல்லாம் கொழும்பிலும் பேராதனையிலும் மட்டும் நடந்தால் போதாது, மற்றப் பகுதிகளிலும் நடக்க வேண்டும், அந்தந்த இடத்து ஆட்களே செய்யப் பழக வேண்டும் என்று அரசாங்கம் பணம் கொடுக்கிறது, அதற்கு நம்ம பிள்ளை மனுப் போட்டிருக்கிறது என்று சொன்னேன்.

"நம்ம தோட்டத்துல என்னத்த ஆராய இருக்கு கங்காணி?"

"மண்ணு. அது மலையை விட்டு ஓடுது. எதனால ஓடுதுன்னு பாக்கணும்."

"மழை பேஞ்சா ஓடத்தான் செய்யும். இதக் கண்டுபிடிக்கவா புள்ள ஜப்பான் போச்சு?"

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

போன வருசம் நீ வந்தபோது தோட்ட மேனேஜர் பெரிய தொரையிடம் கேட்டு ஏழாம் நம்பர் மலையில் இரண்டு துண்டு அளந்து வைத்தாயே, இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒரு துண்டில் தோட்ட வழக்கப்படி புல்லைச் சுரண்டி மண்ணைத் துடைத்து வைத்திருக்கிறேன். மற்றதில் நீ சொன்னபடி புல்லை அப்படியே விட்டிருக்கிறேன். மழை பெய்தால் ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கிற டிரம்மில் சேரும் மண்ணைக் காய வைத்து நிறுத்து அனுப்புகிறேன். இந்த மாதம் மழையே இல்லை. டிரம்மில் ஒரு தவளை மட்டும் இருந்தது. அதை நிறுக்கவில்லை. முப்பது வருசம் புல்லுவெட்டுக் கங்காணியாக இருந்தவனைப் புல்லுக்குக் காவல் வைத்த புண்ணியவதி நீ.

மானியம் கிடைத்தால் திரும்பி வந்து நம்ம பழைய பிள்ளைக் காம்பராவை ஆய்வுகூடமாக்குவேன் என்றும், கிடைக்காவிட்டால் உங்கள் பேராசிரியர் தருகிற ஐந்து வருச வேலையில் அங்கேயே இருந்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன காம்பரா அது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. நான் அம்மாவிடம் முதல் பாதியை மட்டும்தான் வாசித்துக் காட்டினேன்.

உன் அப்பா,
சூ. பத்திநாதன், ஓ.எல். (அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவர்)


ஷிசுவோகா,
10.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

காதை மூடிக்கிட்டுத்தான் எழுதுறேன். அம்மாகிட்ட சொல்லுங்க. முழங்காலுக்கு அனுப்பின களிம்பை முதுகுக்குப் பூச வேண்டாம்னும் சொல்லுங்க.

நல்ல செய்தி அப்பா. முதல் கட்டத்துல தேறிட்டோம். மே மாதம் நடுவுல மூணு பேர் கொண்ட குழு ஒண்ணு இடத்தைப் பார்க்க வரும். தலைவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர், துரைராசான்னு பேர். மண்ணைப் பத்தி நிறைய எழுதினவர். அமைச்சிலிருந்து ஒரு மேடமும் வர்றாங்க. அந்த வாரம் எனக்கு இங்க கடைசிப் பரீட்சை. வர முடியாது. நீங்கதான் நம்ம பக்கம் நின்னு காட்டணும்.

கட்டடம் கட்டுறதுக்கு இந்த மானியம் இல்ல. நம்ம பகுதியிலயே, நம்ம ஆட்களே, நம்ம மலையை அளந்து பாக்கக் கத்துக்கிடணும்னு வந்த திட்டம். என் மனு முழுக்க நிக்கிறது அந்த ரெண்டு துண்டு மேலதான். புல்லு விட்ட இடத்துல மண்ணு தங்குது, சுரண்டின இடத்துல ஓடுதுன்னு காட்டினாப் போதும், மிச்சத்தை அதுவே பேசும்.

பிள்ளைக் காம்பராவைத் திறந்து காட்டுங்க. மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்ல தேத்தண்ணி ஒண்ணு குடுங்க. அவங்க பெரிய ஆட்கள்தான், ஆனா கூச்சப்படாம பேசுங்க. அம்மாவைப் பலகாரம் சுட வேண்டாம்னு சொல்லலாம். கேக்க மாட்டாங்க.

உங்க மகள்,
ஷெரோமி


லிந்துலை,
17.05.2024

மகளே ஷெரோமி,

இந்தக் கடிதத்தைப் படிக்காமல் அனுப்புவதாகக் கிஷாந்த் சத்தியம் பண்ணியிருக்கிறார். படித்தாலும் பரவாயில்லை. நாளைக்கு எப்படியும் லிந்துலை பூராவும் தெரிந்துவிடும். உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

புதன்கிழமை குழு வந்தது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வீ.ஏ. தொரை வருகிறார் என்றால் தோட்டம் படுகிற பாடு உனக்குத் தெரியும். கம்பெனியின் பெரிய பார்வைக்காரர் வருகிறார் என்று ஒரு வாரம் தண்ணிக் கான் வெட்டுவோம், பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம், மலையில் ஒரு புல்லு தலை காட்டாமல் சுரண்டி எடுப்போம். ஒரு புல்லு அவர் கண்ணில் பட்டாலும் கங்காணிக்குத்தான் ஏச்சு. நான் வாங்கிய ஏச்சு எல்லாம் புல்லால் வாங்கியது. இப்போது அரசாங்கத்திலிருந்தே ஆட்கள் வருகிறார்கள், அதுவும் என் மகளைத் தேடி. கோயிலில் பூசை முடிந்ததும் எழுந்து நின்று சிரமதான வேலைக்கு வரும்படி கேட்டேன். கோயில் கமிட்டிக்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். லயத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள் என்று வைத்துக்கொள். பாதை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பிள்ளைக் காம்பரா பளிங்கு மாதிரி.

கடைசியில் ஏழாம் நம்பர் மலைக்குப் போனோம். நீ புல்லு விடச் சொன்ன துண்டு, சுற்றி எல்லாம் துப்புரவாக இருக்க, அது மட்டும் சீவாத தலை மாதிரி நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் மண்ணை எல்லாம் நிறுத்து அனுப்பியாகிவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் புல்லு தானாக வளர்ந்துவிடும். வருகிற பெரிய மனிதர்கள் இதைப் பார்த்து, இந்தப் பிள்ளையின் அப்பன் காட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கவா?

செபமாலை கேட்டான், "இதுவுமா கங்காணி? பாப்பா விடச் சொன்னுச்சுன்னீங்களே."

"விருந்தாளி வர்றப்ப அடுப்படிக் கதவைச் சாத்தி வைக்கிறோம்ல, அது மாதிரிதான்" என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசினேன் பார்.

வேரோடு பிடுங்கினோம். செபமாலை இரண்டு டிரம்மையும் உள்ளும் புறமும் கழுவிச் சுண்ணாம்பு அடித்தான். ஏழாம் நம்பர் மலை அவ்வளவு அழகாக நான் வேலையில் இருந்த காலத்தில்கூட இருந்ததில்லை.

புதன்கிழமை ஜீப்பில் வந்தார்கள். பேராசிரியர், அமைச்சு மேடம், படம் எடுக்க ஒருத்தர். வேலை மேற்பார்க்கிற நம்ம கண்டாக்கு ஐயாவும் தோட்டத்து சார்பில் வந்து நின்றார். பிள்ளைக் காம்பராவைத் திறந்து காட்டினேன். உன் தொட்டில் கட்டிய கொக்கியையும் காட்டினேன். மேடம் அதைத் தொட்டுப் பார்த்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

மலைக்குப் போனதும் பேராசிரியர் இரண்டு துண்டுக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கையில் மண் எடுக்கச் சின்னச் சின்னப் பைகள் வைத்திருந்தார். புல்லு விட்ட துண்டு எது என்று கேட்டார். அப்போதுதான் மகளே எனக்கு விளங்கியது, அவர்கள் அவ்வளவு தூரம் வந்ததே அந்தப் புல்லைப் பார்க்கத்தான் என்று. என் காலுக்குக் கீழே மண்ணு ஓடியது. அதை நிறுக்க டிரம் இல்லை.

கண்டாக்கு ஐயா நல்ல மனிதர், உடனே முந்திக்கொண்டார். இந்த வருசம் வெயில் கடுமை சேர், புல்லு பட்டுப் போச்சு என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். சும்மா இரு என்று அர்த்தம். சும்மா இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் அதை எழுதிக்கொண்டு போவார்கள். கீழே உன் பேர் இருக்கும். நீ மாதா மாதம் ஒரு மண்ணுகூடத் தப்பக் கூடாது என்று என்னைப் படுத்தியது எல்லாம் ஒரு பொய்யில் முடியும்.

"பட்டுப் போகலீங்க சேர். நான்தான் புடுங்கினேன். புள்ளைக்குத் தெரியாது."

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் புடுங்கினனீங்கள்?"

"நீங்க வர்றீங்கன்னு சேர்."

மேடம் என்ன என்று கேட்க, நானே சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பேராசிரியர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. பைகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போன மாதங்களின் கணக்கு என்னிடம் இருக்கிறது என்றேன். அதை நிறுத்ததும் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கேட்டது நியாயம்தான், பெண்ணின் மண்ணை அப்பன் நிறுத்தால் யார் நம்புவது?

வந்து தேத்தண்ணி குடித்தார்கள். அம்மா சுட்ட முறுக்கைப் பேராசிரியர் இரண்டு எடுத்தார். முறுக்கில் பிழை இல்லை.

நீ அந்த ஐந்து வருச வேலைக்கே கையெழுத்துப் போட்டுவிடு மகளே. அம்மாவிடம் இரண்டாம் பாதியையும் வாசித்துக் காட்டிவிட்டேன்.

அப்பா


ஷிசுவோகா,
21.06.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதமா எழுதல. ஃபோனையும் எடுக்கல. கோபத்துல எழுதினா அதையும் கிஷாந்த் அண்ணன்தானே ப்ரிண்ட் எடுத்துக் குடுக்கணும், அவர் முன்னாடி எதுக்குன்னு பேசாம இருந்தேன்.

உங்க கடிதத்தை முதல் தடவை படிச்சப்ப அழுதேன். ரெண்டாவது தடவை, செபமாலை மாமா டிரம்முக்குள்ள தலையை விட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறதை நெனச்சேன். பஸ்ஸுல இருந்தேன் அப்பா. இந்த ஊர்ல பஸ்ஸுல யாரும் சத்தமாச் சிரிக்க மாட்டாங்க.

அப்புறம் யோசிச்சேன். அந்த லயத்துல பொறந்து, வீ.ஏ. தொரை வர்ற வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சுண்ணாம்பு வாளி தூக்கினவ நான். குழு வருதுன்னு அவ்வளவு எழுதினேன், புல்லைத் தொடாதீங்கன்னு ஒரு வரி எழுதணும்னு எனக்குத் தோணல. பெரிய ஆட்கள் வர்றாங்கன்னா நம்ம மலையில என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? அதனால பாதி உங்களுது, பாதி என்னுது.

குழுவோட முடிவு நேத்து வந்துச்சு. அவங்க எழுதினதைத் தமிழ்ல சொல்றேன், வாசிச்சுட்டு உக்காருங்க. இடத்துக்குப் பொறுப்பானவர், மறைக்க வாய்ப்பிருந்தும், தன் மகளுக்குப் பாதகமாகும்னு தெரிஞ்சும், தானே உண்மையைச் சொன்னார். ஆகையால் முந்திய அளவுகளைப் பொய்யென்று தள்ள குழு விரும்பவில்லை. ஆனா அதை மட்டும் வெச்சு மானியம் தர முடியாது. இந்த மழைக்காலம் முழுக்கத் திரும்ப அளக்கணும். குடும்பத்துக்கு வெளியில உள்ள ஒருத்தர் நிறுக்கணும். நவம்பர்ல திரும்ப வருவாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இங்க எங்க பேராசிரியர் அந்த அஞ்சு வருச வேலையை நவம்பர் வரைக்கும் வெச்சிருக்க முடியாதுன்னார். உடனே பதில் சொல்லச் சொன்னார். வேண்டாம்னு சொல்லிட்டேன். வேற ஆளை எடுத்துட்டாங்க. அடுத்த வருசம் மே மாதத்தோட என் விசாவும் முடியுது. இப்ப எனக்கு இருக்கிறது ஏழாம் நம்பர் மலை மட்டும்தான்.

டவுன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல விஞ்ஞானம் படிப்பிக்கிற மதுரா டீச்சரோட பேசிட்டேன். அவங்களும் ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளும் வந்து நிறுப்பாங்க. நீங்க புல்லை மட்டும் வளருங்க. தயவு செஞ்சு வேற ஒண்ணும் செய்யாதீங்க.

ஷெரோமி


லிந்துலை,
25.08.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு எழுந்து அம்மாவுக்கு வாசித்தேன். அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பஸ்ஸில் அழுதாளா சிரித்தாளா சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள்.

இங்கே மழை பிடித்தால் விடுவதில்லை. புல்லு அமோகம். முப்பது வருசம் நான் வெட்ட வெட்ட வளர்ந்த புல்லு, இப்போது வளர வேண்டும் என்றதும் முதல் இரண்டு வாரம் தலையே காட்டாமல் என்னைப் பழி வாங்கியது. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொழுந்துக்காரப் பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும், "என்ன கங்காணி, புல்லு காலைப் பெரட்டுக்குப் பேர் குடுக்க வந்திருச்சா?" என்று கேட்கிறார்கள். ஆடு வராமல் பார்க்கிறேன். ஆட்டைவிட உன் அம்மாதான் ஆபத்து. அந்தத் துண்டில் வல்லாரை நல்லதாக வந்திருக்கிறது, சம்பலுக்கு ஒரு பிடி கிள்ளினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். ஜப்பானில் கணக்குக் குறைந்துவிடும் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை, வீடு அமைதியாக இருந்தது.

மதுரா டீச்சர் தங்கமான பிள்ளை. ஆனால் டிரம் பக்கம் என்னை அண்ட விடுவதில்லை. "ஐயா, நீங்கள் அங்கால நில்லுங்கோ" என்று ஒரு கல்லைக் காட்டுகிறார். நான் சுண்ணாம்பு அடித்த கல்லுதான். அதில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் கூட வருகிற பிள்ளைகளில் கிருஷாந்தி என்று ஒன்று, கீழ் டிவிசன். வாயால் எண்ணுவதை நிறுத்து, எழுது என்று மற்றப் பிள்ளைகளை அதட்டுகிறது. கேட்டுக்கொண்டிருந்தால் உன் குரல் மாதிரியே இருக்கிறது.

போன வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு டிரம் இரண்டையும் திறந்தார்கள். கல்லிலிருந்தே எனக்குத் தெரிந்தது. சுரண்டின துண்டின் தண்ணி பால் தேத்தண்ணி மாதிரி. புல்லு விட்ட துண்டில் வெறும் தண்ணி, அடியில் கொஞ்சம் வண்டல், பழைய தவளை. முன்னாடி மாதா மாதம் நானேதான் நிறுத்து அனுப்பினேன், ஆனால் எண்ணைத்தான் பார்த்தேன், தண்ணியைப் பார்க்கவில்லை. மலையைத் துடைத்துத் துடைத்து வைத்த கங்காணி என்று எனக்கு டிவிசனில் நல்ல பேர். அந்த மண்ணெல்லாம் ஆற்றோடு போய் மேல் கொத்மலை அணையில்தான் படுத்திருக்கும். நான் அனுப்பியதற்கு அவர்கள் எனக்கு ஒரு சிலை வைக்கலாம், மண்ணாலேயே.

வேறு ஒன்றும் செய்யவில்லை. நீ சொன்னபடி.

அப்பா,
சூ. பத்திநாதன், புல்லுக் காவல்


ஷிசுவோகா,
02.02.2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

கிடைச்சிருச்சு.

நேத்து அமைச்சிலிருந்து கடிதம் வந்துச்சு. மூணு வருசத்துக்கு. பிள்ளைக் காம்பராவைக் கம்பெனி குத்தகைக்குத் தருது. மதுரா டீச்சர் பாதி நேரம் நம்மளோட. ஏ.எல். முடிச்ச நாலு பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்கலாம். மலையகத்துக்கு இந்தத் திட்டத்துல முதல்ல குடுத்தது நமக்குத்தான்னு மேடம் ஃபோன்ல சொன்னாங்க.

நவம்பர்ல வந்தப்ப நடந்ததைப் பேராசிரியர் துரைராசாவும் சொன்னார். நீங்க மலைக்கே வரலையாம். கேட்டதுக்கு, நான் வந்தா ஏதாவது சுத்தம் பண்ணிடுவேன் சேர்னு சொன்னீங்களாம். அப்பதான் அவர் சிரிச்சாராம். முறுக்கு நல்லா இருந்துச்சாம்.

மே மாதம் முதல் வாரம் வர்றேன். திரும்பிப் போறதுக்கு டிக்கெட் எடுக்கல.

உங்க மகள்,
ஷெரோமி


நீர்க்கல் தோட்டம்,
லிந்துலை.
23.03.2025

கலாநிதி ஷெரோமி பத்திநாதன் அவர்கள்,
திட்டத் தலைவர்,
மலையக மண் ஆய்வு நிலையம்.

மதிப்புக்குரிய அம்மணி,

கள உதவியாளர் பதவிக்கு விண்ணப்பித்தல்

டவுன் கொமியுனிகேஷன் கடையில் ஒட்டியிருந்த தங்கள் விளம்பரத்தைக் கண்டு இதை எழுதுகிறேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. ஓ.எல். இரண்டு தடவை தோற்றி, இரண்டு தடவையும் கணிதத்தால் கைவிடப்பட்டவன். முப்பது வருசம் புல்லு வெட்டுவதிலும், ஒரு வருசம் புல்லு வளர்ப்பதிலும் அனுபவம் உண்டு. இரண்டும் தெரிந்த ஆள் இந்த மாவட்டத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. குறைபாடு: விருந்தாளி வந்தால் கை சும்மா இருக்காது. இப்போது குணமாகிவிட்டது.

நன்னடத்தைக்குச் சாட்சி சொல்லப் பங்குத்தந்தையும், கெட்ட நடத்தைக்குச் சாட்சி சொல்ல என் மனைவியும் தயாராக இருக்கிறார்கள்.

பணிவுள்ள,
சூ. பத்திநாதன்


மலையக மண் ஆய்வு நிலையம்
14.04.2025

திரு. சூ. பத்திநாதன் அவர்களுக்கு,

தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. தங்கள் அனுபவத்தை நிலையம் மதிக்கிறது. எனினும் மானியத்தின் விதிப்படி, திட்டத் தலைவரின் நெருங்கிய உறவினர் எவரையும் சம்பளப் பதவியில் நியமிக்க இயலாது. ஆகையால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறேன். நேர்முகப் பரீட்சையில் தேறிய திரு. செபமாலை அப்பதவிக்குத் தெரிவாகியுள்ளார்.

ஷெரோமி பத்திநாதன்
திட்டத் தலைவர்

அப்பா, நீங்க விளையாட்டுக்கு எழுதினீங்களா உண்மையா எழுதினீங்களான்னு எனக்குத் தெரியல. அதனால ஒழுங்காவே பதில் எழுதினேன். மதுரா டீச்சர் நேர்முகம் வெச்சப்ப செபமாலை மாமா உண்மையிலேயே நல்லா பதில் சொன்னாராம். கோபமா?


லிந்துலை,
27.04.2025

அன்பு மகள் ஷெரோமிக்கு,

விளையாட்டுக்குப் பாதி, உண்மைக்குப் பாதி எழுதினேன். கோபமா என்று கேட்டிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு பண்ணு.

கடிதத்தைக் கிஷாந்த் கடையில் ப்ரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போதே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. "அங்கிள், வருத்தப்படாதீங்க" என்றார். அங்கேயே நின்று வாசித்தேன். ஒரு தடவை வாசித்ததும் இன்னொரு தடவை. அப்புறம், "கிஷாந்த், இதை லாமினேட் பண்ணிக் கொடுங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வேலை கிடைத்த கடிதத்தைத்தானே அங்கிள் லாமினேட் பண்ணுவாங்க என்றார்.

அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். இந்தத் தோட்டத்துக்கு நம்ம ஆட்கள் வந்த நாளிலிருந்து, உனக்கு வேலை இல்லை என்று நம்மிடம் சொன்னவர்கள் எல்லாம் வெளியில் இருந்து வந்தவர்கள். என் பாட்டனிடம் சொன்னவர் குதிரையில் வந்தார். என் அப்பாவிடம் சொன்னவர் ஜீப்பில் வந்தார். என்னிடம் சொன்னவர் மோட்டார் சைக்கிளில் வந்தார், இறங்கக்கூட இல்லை. எங்களுக்கு யாரும் காரணம் சொன்னதில்லை. வருந்துகிறேன் என்று யாரும் எழுதியதில்லை. இப்போது வேலை இல்லை என்று சொல்கிற நாற்காலியில் நம்ம லயத்துப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. சொந்த அப்பனுக்கே விதியைக் காட்டுகிறது, அதுவும் கையெழுத்துப் போட்டு. இந்தப் பெருமை செபமாலைக்குக் கிடைக்குமா? அவனுக்கு வேலைதான் கிடைத்தது.

லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்டாக்கு ஐயா வாசித்துவிட்டு, "ஒங்க மக ஒங்களையே எடுக்கலயே பத்திநாதன்" என்றார். "ஆமாங்கய்யா, அவ்வளவு பெரிய எடம்" என்றேன். அம்மாதான் கொஞ்சம் முறைத்தாள். பிறகு அவளே அதை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். சம்பளம் இல்லாமல் கல்லில் உட்கார்ந்து பார்க்க விதியில் தடை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துச் சொல். செபமாலை நாளை வேலைக்கு வருகிறான். முதல் நாளே டிரம்மில் சுண்ணாம்பைச் சுரண்டுகிற வேலை, அடித்தவனே சுரண்டட்டும்.

நீ வருகிற நாளுக்கு என்ன ஏற்பாடு என்று நேற்றுக் கோயில் கமிட்டியில் கேட்டார்கள். மண்வெட்டி, சுண்ணாம்பு எல்லாம் தயார் என்றார்கள். நான் எழுந்து சொன்னேன், பெரிய தொரைகள் வந்தபோதெல்லாம் புல்லைப் பிடுங்கினோம், நம்ம பிள்ளை வரும்போது எவனும் கை வைக்கக் கூடாது என்று. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். லயத்துப் பாதையில் இப்போதே முழங்காலுக்கு நிற்கிறது, பார்த்து வா, அட்டை இருக்கும்.

நீ வருகிற அன்று வழியில் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கியிருக்க மாட்டோம் மகளே. இதைவிடப் பெரிய மரியாதை செய்ய எங்களுக்குத் தெரியாது.

உன் அப்பா,
சூ. பத்திநாதன்
(விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்)